மாமா வீட்டுக் கூரையில் ஓர் அலைவாங்கி

எங்கள் தங்கச் சுரங்க ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் என் அக்காவின் கணவர் வீடு இருக்கும் வரிசையில், கூரைகளுக்கு மேல் நிற்கும் இரும்புக் கம்பங்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். கிழக்குத் திசை. அவற்றின் உச்சியில் கட்டிய அலுமினியக் கம்பிகளில் பாதி ஒடிந்துவிட்டன. மீதியில் காகங்கள் உட்காருகின்றன. தொலைக்காட்சி அலையைப் பிடித்து வீட்டுக்குள் அனுப்பிய அலைவாங்கிகள் அவை. அலைவாங்கி என்ற சொல்லை அந்த வரிசையில் ஒருவரும் ஏற்றதில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்தவன் என்ற உரிமையில் நான் அப்படியே எழுதுகிறேன். பேசியவர்கள் ஆன்டெனா என்றுதான் சொன்னார்கள். அவர்கள் வாயில் அது அப்படியே இருக்கட்டும்.

கிழக்குக்குக் காரணம் உண்டு. இங்கே வீடுகளுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வரத் தொடங்கிய நாள்களில், மேற்கே பெங்களூர் அருகில் இருந்தது. ஆனால் அங்கிருந்து வந்தவை கன்னடமும் இந்தியும். நாங்கள் வேண்டிய தமிழ் கிழக்கே, சென்னையில், மூன்று மடங்கு தொலைவில் இருந்தது. ஆகவே சுரங்கத் தொழிலாளர்கள் கம்பெனி கழித்துப்போட்ட இரும்புக் குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, முப்பது அடி, நாற்பது அடி உயரத்துக்கு நிறுத்தி, அலைவாங்கியைச் சென்னை நோக்கித் திருப்பினார்கள். சில நாள்களில் படம் வந்தது. வராத நாள்களில், வந்ததாகப் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டோம். பிறகு கேபிள் வந்தது, குடை வடிவத் தட்டுகள் வந்தன. கம்பங்களை இறக்க மட்டும் எவருக்கும் மனம் வரவில்லை. கம்பெனி இரும்பு என்பதில் இவ்வூராருக்கு ஒரு பற்று உண்டு. கடையில் வாங்கும் இரும்பு துரு ஏறும், கம்பெனி இரும்பு நம் பேரன் காலம் வரை நிற்கும் என்று இன்றும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையால் எனக்கு நேர்ந்ததைப் பின்னால் சொல்கிறேன்.

மாமாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அக்காவின் கணவரை மாமா என்று அழைப்பது எங்கள் வழக்கம். சுரங்கம் மூடப்படும் வரை நிலத்தடியில் வேலை பார்த்தவர். கல்தூசு அவர் நுரையீரலில் தங்கிவிட்டது. நான் சொல்லவரும் நிகழ்ச்சி நடந்தபோது, சில ஆண்டுகளுக்கு முன், அவர் கட்டிலோடு இருந்தார். மூக்கில் மெல்லிய குழாய்; கட்டிலருகே உயிர்வளி தரும் மின்பொறி ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். ஒரு சொற்றொடரை முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குவார். ஆனால் அந்த இரண்டு மூச்சுக்கும் நடுவே ஒரு கேலி எப்படியோ வந்துவிடும்.

நான் பட்டப்படிப்புப் படித்த மூன்றாண்டும் அக்கா வீட்டில்தான் தங்கினேன். அப்போது அது ஓர் அறையும் சமையல் மூலையும் மட்டுமே கொண்ட கம்பெனி வீடு. அந்த மூன்றாண்டும் மாமா இரவு ஷிப்டுக்கு மட்டுமே போனார். ஷிப்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும். மற்றவர்கள் தட்டிக் கழிக்க விரும்பிய இரவுகளை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ராத்திரில கீழ சூடு கம்மி" என்றார். நம்பினேன். ஒரு மைலுக்கும் கீழே, கொதிக்கும் பாறைக்கு நடுவில், இரவு ஏது பகல் ஏது என்று எண்ணிப் பார்க்கும் அறிவு பட்டதாரி ஆகவிருந்த எனக்கு இல்லை. விளக்கும் மேசையும் அமைதியும் இரவில் எனக்கு வேண்டும் என்பதற்காக அவர் அப்படிச் செய்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அக்கா பேச்சுவாக்கில் சொன்னார். அதை நான் அறிவேன் என்று மாமாவிடம் ஒருநாளும் வெளிப்படுத்தியதில்லை. சொன்னால் மறுத்திருப்பார். மறுக்க மூச்சு வேண்டுமே.

ஓர் ஆடி மாதத்தில் பெங்களூரிலிருந்து மாமாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மகள், மாமாவின் பேத்தி, மாநில இளம்பெண்கள் ஹாக்கி அணியில் கோல் காப்பவளாகத் தேர்வாகியிருந்தாள். அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம். அரசு அலைவரிசையில் நேரடியாகக் காட்டுவார்கள்.

மாமாவும் இளமையில் தம் ஷாப்டின், அதாவது தாம் வேலைக்கு இறங்கிய சுரங்கக் குழியின், அணியில் கோல் காத்தவர். பேத்திக்கு முதல் மட்டையைக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவள் பெரிய ஆட்டங்கள் ஆடத் தொடங்கியபோது அவர் கட்டிலை விட்டு எழ இயலாதவராகிவிட்டார். அந்த ஆட்டங்களில் ஒன்றையும் அவர் பார்த்ததில்லை.

"பாத்துட்டா போதும்" என்றார் அக்காவிடம். அவ்வளவுதான் சொன்னார். அவர் எதையும் வேண்டுமென்று கேட்டு அக்கா அறிந்ததில்லை. ஆகவே உடனே எனக்குச் சொல்லியனுப்பினார். நான் ஊரின் பக்கத்துப் பகுதியான கோரமண்டலில் இருக்கிறேன்; நடந்தே போய்விடலாம்.

வழி எளிதாக இல்லை. அந்த வரிசைக்குக் கேபிள் இழுத்தவர் தொழிலை மூடிவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டார். குடைத்தட்டு வைக்கலாமென்றால், அது பார்க்க வேண்டிய தென்கிழக்கு வானத்தைப் பெரிய புங்கமரம் ஒன்று மறைத்தது. அந்த மரம்தான் கோடையில் மாமாவின் அறையைக் குளிர்விக்கிறது. அதை வெட்டும் பேச்சையே அக்கா எடுக்கவிடவில்லை. செல்பேசியில் காட்டலாமென்றால், சுற்றிலும் சைனைடு மேடுகள். தங்கம் பிரித்தபின் எஞ்சிய கல்மாவைக் கம்பெனி குவித்துக் குவித்து உண்டான வெண்மையான குன்றுகள் அவை. அவற்றின் அடிவாரத்தில் அலை வருவதும் போவதுமாக இருக்கும். கிடைத்தாலும் மாமாவின் கண்களுக்குப் பயனில்லை.

"கட்ட வெரல் அளவு கிரவுண்டு" என்றார் மாமா. "அதுல பந்த... எங்கன்னு தேடுறது?"

"மூணாவது வூட்ல டிஷ்ஷு வச்ச பெரிய டிவி கீது. கூப்புடறாங்க. கட்டிலோட தூக்கிகினு போய்டலாம்" என்றார் அக்கா.

"சொரங்கத்து கேஜ்ல கல்லு டப்பு ஏத்துற மாதிரி... என்னிய ஏத்துவியா? மூக்குல டியூப்போட... அடுத்தவன் வூட்ல போயி... நான் இன்னா கண்காட்சியா?"

பேச்சு அங்கே முடிந்தது.

பெங்களூரில் வேலை செய்யும் அவர் மகன் முந்திய ஆண்டு ஒரு புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தான். கேபிள் போன பிறகு அது போர்வை போர்த்தி நின்றது. எந்தப் பொருள் வந்தாலும் அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பது என் பழக்கம். அதில் கண்டேன்: அலைவாங்கி மூலம் நேரே வானிலிருந்து வரும், டிஜிட்டல் என்னும் எண்முறை ஒளிபரப்பையும் அந்தப் பெட்டி பெறும். பெங்களூரிலிருந்து அரசு அலைவரிசைகள் சில அவ்வாறு வருகின்றன என்று செய்தித்தாளில் முன்பே படித்திருந்தேன். கம்பமோ சன்னலுக்கு வெளியிலேயே நிற்கிறது.

"மாமா, பழைய கம்பம் இருக்குல்ல. அதுலயே வச்சுப் பாக்கலாம்."

மாமா சன்னல் பக்கம் திரும்பினார். வெளியே, கை நீட்டினால் எட்டும் தொலைவில், மண்ணில் ஊன்றிய குழாய் சுவரையொட்டி மேலே போகிறது. அதை நட்டவரே அவர்தான்.

"அத்த நான் நட்டது மெட்ராஸுக்கு" என்றார். பிறகு, "சரி, போ" என்றார்.

ராபர்ட்சன்பேட்டையில் வானொலி, தொலைக்காட்சி பழுது பார்க்கும் பழைய கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் கன்னடக்காரர், எங்கள் ஊரில் பிறந்தவர் ஆதலால் தமிழ் தடையின்றிப் பேசுவார். நான் அலைவாங்கி என்று சொன்னதும் அவர் முகம் மாறவே இல்லை. பொறுமையாகக் காத்திருந்தார். ஆன்டெனா என்றதும் எழுந்தார்.

"யாராவது கேட்டு எத்தன வருஷம் ஆச்சு சார்! ஒக்காருங்க, ஒக்காருங்க."

மூன்று வகைகளை மேசைமேல் வைத்தார். முதலாவது, பெட்டியின் தலைமேல் வைக்கும் இரட்டைக் கம்பி. முயல் காது போல் விரியும். "இது டவரு பக்கத்துல இருக்கறவங்களுக்கு. நம்ம ஊருக்கு இது சாமி ரூம்ல வைக்கக்கூட ஆகாது" என்று ஒதுக்கினார். இரண்டாவது, தாள் போன்ற மெல்லிய தகடு. சன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளலாம். அதன் அட்டைப்பெட்டியில் நம்ப முடியாத தொலைவு ஒன்று பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதை நான் உரக்கப் படித்தேன்.

"பெட்டி மேல எழுதுனது பெட்டிக்கு மட்டும் சார்" என்றார்.

மூன்றாவது, நீண்ட தண்டில் குறுக்கே வரிசையாகச் சிறு கம்பிகள் பொருத்தியது. மீன் முள்ளை ஒத்திருந்தது. பழைய சென்னை அலைவாங்கிகளின் கம்பிகள் கை நீளம் இருக்கும். இவை ஒரு சாண் கூட இல்லை. இவ்வளவு சிறியது எப்படிப் போதும் என்றேன்.

"பழைய அலை நீளம் சார், அதனால கம்பியும் நீளம். இப்ப வர்றது குட்டி அலை. கம்பியும் குட்டியாத்தான் வேணும். பழசு மேல இருக்கேன்னு அதையே வச்சுடாதீங்க."

அலையை வலுப்படுத்தும் பூஸ்டர் ஒன்றும் சேர்த்துத் தரும்படி கேட்டேன். தரமாட்டேன் என்றார். "மொதல்ல இல்லாம பாருங்க. ஒண்ணுமே வராத எடத்துல பூஸ்டர் வச்சா, ஒண்ணுமில்லாததத்தான் பெருசாக்கிக் காட்டும்." விற்க வந்ததை விற்க மறுத்த அந்த மனிதரை நான் இன்றும் நன்றியோடு எண்ணுகிறேன். இறுதியாக, கம்பத்தில் இறுக்குவதற்குப் புதிய பிடிகள் இரண்டை எடுத்து வைத்தார்.

"பிடி வேண்டாம். எங்க கம்பத்துல கம்பெனிப் பிடி இருக்கு. இரும்புன்னா அது இரும்பு" என்றேன்.

"துரு புடிச்சிருக்கும் சார்."

"கம்பெனி இரும்புங்க."

அவர் ஊர்க்காரர், அதற்குமேல் வாதிடவில்லை. பிடிகளைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டு, "திசை பாத்துக் கட்டுங்க, அதான் முக்கியம்" என்று மட்டும் சொன்னார். திசை எனக்குத் தெரியாதா என்ற எண்ணத்தோடு தலையசைத்தேன்.

வீட்டின் முன்னறைக்கு மட்டும் பிற்காலத்தில் சிமென்ட் தளம் போட்டிருந்தார்கள். அதன்மேல் ஏணி வைத்து ஏறினேன். எனக்கு அப்போது அறுபத்தெட்டு. அக்கா கீழிருந்து, நான் மூன்றாம் வகுப்பில் மரத்தில் ஏறிய காலத்துச் சொற்களிலேயே என்னைத் திட்டினார். அந்தத் தளத்தருகே குழாயின் மேல்பகுதி தனியாகக் கழன்று சுழலும், அங்குதான் பிடி. அந்த மேல்பகுதியை இறக்கி, பழைய அலைவாங்கியைக் கழற்றி, புதியதை மாட்டி, மறுபடி நிறுத்தி, கம்பியை இழுத்துப் பெட்டியில் செருகினேன். படம் வரும்வரை அலையின் வலிமையை மட்டும் காட்டும் பச்சைக் கோடு ஒன்று திரையில் உண்டு. கட்டிலில் இருந்தபடி மாமா அதைப் பார்க்க, அக்கா முற்றத்தில் நின்று எனக்குச் சொல்வதாக ஏற்பாடு.

"கோடு வருதா அக்கா?"

"வருது... வருது... அய்யோ, போச்சு!"

"கோடா போச்சு?"

"பாலு பொங்கிப் போச்சுடா! இரு, அத்த எறக்கிட்டு வர்றேன்."

இப்படி ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே மாமா ஏதோ சொல்ல முயல்வது கேட்டது. குரல் மேலே எட்டவில்லை. பிறகு திடீரென்று என் கைக்குள் இருந்த குழாய் அதிர்ந்தது. டங். ஒரே தட்டு. கையை எடுத்துவிட்டேன். மறுபடி ஒன்று. இறங்கிப் போய்ப் பார்த்தால், மாமா சன்னல் வழியே கை நீட்டி, சாதம் பரிமாறும் கரண்டியால் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒங்க அக்காவ நம்புனா... ஆட்டமே முடிஞ்சிடும். பெல்லு அடிக்கிறேன், கேட்டுக்க. ஒண்ணு, நில்லு. ரெண்டு, வந்த வழியே திருப்பு."

சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணியடித்துத்தான் செய்தி சொல்வார்கள். ஓட்டுபவர் தரைக்கு மேல். மணியடிப்பவர் பல ஆயிரம் அடி கீழே. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒரு மணி என்றால் நில். இரண்டு என்றால் இறக்கு. இது எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும்.

"மூணு?" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

"மூணு இதுக்கு வேணாம்" என்றார். "மூணு, ஆளுக்கு. மூணு கேட்டா மேல இருக்கறவன்... மெல்ல ஓட்டுவான். உள்ள கல்லு இல்ல, ஆளு கீதுன்னு."

மணிமுறை சிறப்பாக நடந்தது. அலைதான் வரவில்லை. அன்று மாலை, மறுநாள், அதற்கு மறுநாள், நான் ஏறுவதும் ஒரு விரல் அளவு திருப்புவதும் மாமா தட்டுவதுமாக இருந்தோம். பச்சைக் கோடு எழவே இல்லை. வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. இன்னும் இரண்டே நாள். பூஸ்டர் வாங்காமல் வந்தது தவறோ என்று நான் நினைத்தேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்கு மனம் தாளவில்லை; மறுபடி தளத்தின்மேல் ஏறினேன்.

முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அக்கா மேலே பார்த்துக் கேட்டார்:

"ஏண்டா, ஆட்டம் எங்கருந்து வருது?"

"பெங்களூர்லருந்து."

"அப்போ இது இன்னாத்துக்கு மெட்ராஸப் பாத்துகினு நிக்குது?"

நான் கையில் குழாயோடு நின்றேன். மூன்று நாளாகக் கிழக்கு வானத்தை ஒரு விரல் இந்தப் பக்கமும் ஒரு விரல் அந்தப் பக்கமும் தேடியிருக்கிறோம். படித்தவன் நான், கம்பம் நட்டவர் அவர். இருவரில் ஒருவருக்கும் மேற்கே திருப்பலாம் என்று தோன்றவில்லை. அலைவாங்கி என்றால் அது கிழக்கே பார்ப்பது. எங்கள் கை வேறொன்றும் அறியாது.

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மாமாவுக்கு மூச்சு முட்டிவிட்டதென்று அஞ்சி இறங்கி ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, மார்பைப் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரே... வாத்தியாரே..." என்பதற்குமேல் அவரால் ஒன்றும் சொல்ல இயலவில்லை.

மேற்கே இரண்டு சைனைடு மேடுகள் நின்றன; நேரே திருப்பினால் ஒரு மேட்டின் வயிற்றில் முட்டும். அதற்கும் அக்காவே வழி சொன்னார். "சாயங்காலம் வெயிலு அந்த ரெண்டு மேட்டுக்கும் நடுவுல இருக்குற சந்துலதான் வருது. என் பாத்திரம் வைக்கிற எடத்துல விழும். வெயிலு வர்ற வழில அது வராதா?" அன்று மாலை ஐந்தரைக்கு, பித்தளைக் குடத்தின்மேல் வெயில் விழுந்த நேரத்தில், நான் தளத்தின்மேல் ஏறி, அந்த ஒளி வந்த இடைவெளியை நோக்கி அலைவாங்கியைத் திருப்பினேன். மெல்லத் திருப்பினேன். டங். நின்றேன். சற்று நேரம் கழித்து இரண்டு. வந்த வழியே ஒரு மயிரிழை. டங். அதன்பின் தட்டு வரவில்லை. கீழே ஒரு பெண்குரல் கன்னடத்தில் வானிலை அறிக்கை படிப்பது கேட்டது. அவ்வளவு தெளிவான கன்னடத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை என்று அப்போது தோன்றியது. கிழக்கிலிருந்து வரும் தமிழுக்காக வாழ்நாளெல்லாம் கழுத்தை நீட்டியவன், மேற்கே திரும்பி அந்த மொழிக்கு நன்றி சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று வந்தது.

ஆடிக் காற்று எங்கள் ஊரில் வெறுங்கையோடு வருவதில்லை. மேடுகளின் வெண்தூசியை அள்ளிக்கொண்டு வரும். மாமாவின் சன்னலில் அக்கா ஈரப் புடவையைக் கட்டித் தொங்கவிட்டார். அவர் கையும் கரண்டியும் வெளியே வர ஓர் ஓரத்தில் இடம் விட்டார். ஆட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. முதல் பத்து நிமிடம் நானும் உள்ளே அமர்ந்து பார்த்தேன். கோல் காப்பவளுக்குத் தலைக்கவசம், முகம் தெரியாது.

"இதுல நம்ம பொண்ணு யாருன்னு எப்படித் தெரியுது மாமா?"

"நிக்கிறா பாரு. எடது கால... கொஞ்சம் முன்ன வச்சி. அது நான் குடுத்தது."

அந்த நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்தது. ஓடி ஏறினேன். காற்று குழாயைத் திருப்பியிருந்தது. கம்பெனிப் பிடியின் திருகாணியை இறுக்கினேன்; மரை தேய்ந்து வழுக்கியது. கயிற்றால் கட்டினேன், காற்று கயிற்றைத் தளர்த்தியது. கடைக்காரர் எடுத்து வைத்த இரண்டு புதிய பிடிகளும் என் கண்முன் வந்து நின்றன. வேறு வழியில்லை. குழாயை இரு கைகளாலும் பற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். டங். அப்படியே நில் என்று பொருள். நின்றேன்.

அதன்பின் நடந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. வெண்தூசு கண்ணில் விழ, சட்டை படபடக்க, இரண்டு மேடுகளுக்கும் நடுவிலுள்ள வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்குள்ளிருந்து வந்த ஒலியைக் காற்று தூக்கிக்கொண்டு போனது. அவ்வப்போது குழாய் வழியாக மாமா பேசினார். இரண்டு தட்டு: திருப்பு. ஒரு தட்டு: நில். யார் முன்னே, யார் பின்னே என்பதற்கு எங்களிடம் மணி இல்லை. முன்பு ஒரு காலத்தில் இரவெல்லாம் அவர் சுரங்கத்தில் கீழே இருந்தார், நான் மேலே விளக்கருகே இருந்தேன். அந்த இரவுகளில் அவர் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது. அதை அங்கே நின்றபடி நினைத்துக்கொண்டேன். கை மரத்துப் போனது, விட மனமில்லை.

நான்காம் கால்பகுதி ஆகியிருக்க வேண்டும். குழாய் திடீரென்று அதிரத் தொடங்கியது. ஒன்றில்லை, இரண்டில்லை. டங் டங் டங் டங் என்று கணக்கில்லாமல், ஒழுங்கில்லாமல். அவர் அழைக்கிறாரா? மூச்சு நின்றுவிட்டதா? கையை விட்டு இறங்கி ஓடினால் படம் போய்விடும். ஓடாமல் நின்று, அவருக்கு ஏதாவது ஆனால்?

"அக்கா! அக்கா! மாமாவுக்கு இன்னா?"

தட்டு நிற்கவில்லை. ஒரு கையை விட்டேன், குழாய் அசைந்தது, மறுபடி பற்றினேன். அந்தச் சில விநாடிகளின் நீளம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. பிறகு அக்கா முற்றத்துக்கு ஓடிவந்து, புடவைத் தலைப்பு காற்றில் பறக்க, இரு கைகளையும் தூக்கினார்.

"புடிச்சிட்டாடா! கோலுக்குள்ள போவ இருந்தத கால நீட்டிப் புடிச்சிட்டா! இந்த மனுஷன் கரண்டிய ஒடச்சிடுவாரு போலகீது!"

நான் மறுபடி இரு கைகளாலும் குழாயைப் பற்றிக்கொண்டேன். இப்போது காற்றைக் குறை சொல்லத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டு இல்லையென்றால் படம் சரியாக இருக்கிறது என்று பொருள். ஆகவே நின்றேன். வெயில் சாய்ந்து, மேடுகளின் இடைவெளிக்கு வந்துகொண்டிருந்தது. அப்போது கேட்டது. டங், டங், டங். மெதுவாக, இடைவெளி விட்டு, மூன்று.

சற்று நேரம் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது, கையை விடலாம், ஏணியில் மெல்ல இறங்கு, ஏறி நிற்பது கல் இல்லை, ஆள்.

மெல்ல இறங்கினேன். உள்ளே போனபோது மாமா தலையணையில் சாய்ந்திருந்தார். கரண்டியின் கழுத்து வளைந்திருந்தது. என் தலையிலும் மீசையிலும் வெள்ளைத் தூசு. அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா வாத்தியாரே... கல்லு அரைக்கிற மில்லுல வேல பாத்துட்டு வர்றியா?"

"ஜெயிச்சாங்களா மாமா?"

"இல்ல. ஒரு கோலு. அது அவ மேல தப்பில்ல. பேக்கு ஆடுன பொண்ணு உட்டுட்டா." கையை ஆட்டி அதைத் தள்ளினார். "ஒக்காரு. நீ ஒண்ணுமே பாக்கல."

பிறகு அவர் எனக்கு அந்த ஆட்டத்தைச் சொன்னார். டம்ளரைக் கோலாக வைத்து, மாத்திரை டப்பாவைப் பேத்தியாக வைத்து, வளைந்த கரண்டியை எதிரணிப் பெண்ணின் மட்டையாகப் பிடித்து, முதலிலிருந்து சொன்னார். இரண்டு சொல், ஒரு மூச்சு. மூன்று சொல், ஒரு மூச்சு. அக்கா இருமுறை, "போதும், படுங்க" என்றார். அவர் கேட்கவில்லை. பேத்தி இடது காலை நீட்டித் தடுத்த இடத்துக்கு வந்ததும், போர்வைக்குள் அவர் கால் அசைந்ததைக் கண்டேன். நான் ஒரு குறுக்குக் கேள்வியும் கேட்கவில்லை. வாழ்நாளில் நான் கேட்ட பாடங்களில் இவ்வளவு அமைதியாக எதையும் கேட்டதில்லை.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதுமே அந்த இரண்டு பிடிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தார். அவற்றை நானே இறுக்கினேன். கழற்றிய கம்பெனிப் பிடியை மாமா எறியவிடவில்லை; தம் சன்னல் படியில் வைத்துக்கொண்டார்.

அந்தப் படியில் அது இன்னும் இருக்கிறது. கட்டில்தான் காலி. அக்கா மாலைகளில் கன்னடச் செய்தி பார்க்கிறார், எனக்கும் பழகிவிட்டது. வரிசையிலுள்ள கம்பங்கள் எல்லாம் கிழக்கே பார்க்க, எங்களுடையது ஒன்று மட்டும் மேற்கே, வெயில் வரும் அந்த இடைவெளியைப் பார்த்து நிற்கிறது. தெருவில் வருவோர் கட்டியவனுக்குத் திசை தெரியவில்லை என்று நினைக்கக்கூடும். பேத்தி ஆடும் நாள்களில் நான் அங்கே போய்விடுவேன். காற்று எவ்வளவு அடித்தாலும் இப்போது குழாய் திரும்புவதில்லை. ஆனாலும் ஆட்டம் முடிந்ததும் அக்கா சன்னல் வழியாகக் கை நீட்டி அந்த வளைந்த கரண்டியால் மூன்று முறை தட்டுவார். கட்டிலருகே அமர்ந்திருக்கும் நான் மெல்ல எழுந்து வீட்டுக்குக் கிளம்புவேன்.